டீன் ஜோன்ஸை சேப்பாக்கத்தில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பெல்ஸ்ரோடு

செப்டம்பர் பிறந்தால் டை மேட்ச் பேச்சு கிளம்பிவிடும், 1986-இல் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடி ஸ்கோர் சமமாக முடிந்த டெஸ்ட். கடைசி ஓவர், கடைசி ஆளாக நின்ற மணிந்தர் சிங்குக்கு அவுட் என்று நடுவர் விக்ரம்ராஜு விரலைத் தூக்கியது. இத்தனை வருஷமாக அதையே அரைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தத் தடவை அதை ஓரமாக வைத்துவிட்டு, அதில் ஆடிய ஆஸ்திரேலிய மட்டையாளர் டீன் ஜோன்ஸைப் பற்றிப் பேசுவோமா? 2020 செப்டம்பர் 24, மும்பை. ஐபிஎல் வர்ணனைக்கு வந்தவர் ஹோட்டலிலேயே சரிந்து விழுந்தார். கூட இருந்த பிரெட் லீ நெஞ்சை அழுத்திப் பார்த்தும் பலனில்லை. 59 வயசு. டை மேட்ச் முடிந்த தேதிக்கு இரண்டு நாள் தள்ளி. கொரோனா முடக்கம் என்பதால் நாலு பேர் டீக்கடையில் நின்று புலம்பக்கூட வழியில்லாமல் போனது.

என் பங்கை நானே ஆரம்பிக்கிறேன். 1986 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை, ஆட்டத்தின் இரண்டாம் நாள். கல்லூரிக்குக் கிளம்பியவன் சேப்பாக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூரையில்லாத கேலரி, சிமெண்டுப் படி. பத்து மணிக்கே படியில் கை வைக்க முடியவில்லை. பக்கிங்ஹாம் கால்வாய் வாடை வேறு. முதல் நாளே டேவிட் பூன் 122 அடித்துவிட்டுப் போயிருந்தார். ஜோன்ஸும், நைட் வாட்ச்மேனாக (நாள் முடியும் நேரத்தில் முக்கிய மட்டையாளருக்குப் பதில் இறக்கும் பந்து வீச்சாளர்) வந்த ரே பிரைட்டும் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஜோன்ஸ் யாரென்று எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. 25 வயசு, அதற்கு முன் ஆடியது இரண்டே டெஸ்ட், அதுவும் 1984-இல் வெஸ்ட் இண்டீஸில். அவர்கள் கேப்டன் ஆலன் பார்டரைப் பார்க்கத்தான் வந்திருந்தோம்.

சதம் அடித்தபோது கைதட்டினோம், அது மரியாதைக்கு. அதற்கப்புறம்தான் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ரன் ஓடி முடித்ததும் மட்டையை ஊன்றிக் குனிந்து நிற்பார். திரும்பிக்கொண்டு வாந்தி எடுப்பார். வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பந்துக்கு நிற்பார். காலில் குரக்களி இழுக்கிறது, ஓட முடியவில்லை. ஓட முடியாததால் நின்ற இடத்திலிருந்தே பவுண்டரிக்கு அடிக்க ஆரம்பித்தார். எங்கள் வரிசையில் 'சீக்கிரம் அவுட் ஆகித் தொலைடா' என்று கத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர், ஒரு கட்டத்தில் 'போதும்பா, உள்ள போய்ப் படு' என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். இரண்டு வாக்கியத்துக்கும் பொருள் ஒன்றுதான், குரல்தான் வேறு.

170-ஐ ஒட்டி இருக்கும்போது, முடியவில்லை, போகிறேன் என்று கேப்டன் பார்டரிடம் சொல்லியிருக்கிறார். பார்டர் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்காரர், ஜோன்ஸ் விக்டோரியா மாநிலம். சரி போ, உரமான ஒரு குயின்ஸ்லாந்துக்காரனை வரச் சொல்கிறேன் என்று பார்டர் குத்திவிட்டார். அடுத்து காத்திருந்த கிரெக் ரிச்சி அந்த ஊர்தான். ரோஷம் வந்து ஜோன்ஸ் நின்றுவிட்டார். கேலரியில் இருந்த எங்களுக்கு இதெல்லாம் ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். அன்றைக்குப் பார்த்தது, போகவேண்டிய ஆள் போகாமல் நின்றதை மட்டும்தான். 210-இல் சிவ்லால் யாதவ் பந்தில் போல்ட். 330 பந்து, 27 பவுண்டரி, 2 சிக்ஸர். எங்கள் கேலரி முழுக்க எழுந்து நின்றது. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள் என்று பேப்பரில் படித்தோம்.

யார் யார் இருந்தீர்கள்?

உப்புக்கரைசல்

நான் அங்கே இல்லை, அப்போது எனக்கு நாலு வயசு. ஆனால் இப்போது சென்னையில்தான் வைத்தியம் பார்க்கிறேன், அதனால் ஒரு சேதி. சென்னையின் கொடுமை வெயில் மட்டுமில்லை, காற்றிலிருக்கும் ஈரம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். இங்கே அது ஆவியாகாமல் சட்டையிலேயே வழியும். உள்ளே சூடு ஏற, ஏற உடம்பு இன்னும் வியர்க்கும். தண்ணீரோடு சோடியமும் போகும். குரக்களி, வாந்தி, தலைசுற்றல், அப்புறம் புத்தி தடுமாற்றம். கடல்காற்று மதியத்துக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம், மேற்குக் காற்று பலமாக இருந்தால் அது சாயங்காலம் வரை எட்டிப் பார்க்காது. ஜோன்ஸ் ஆடியது 503 நிமிஷம், எட்டரை மணி நேரத்துக்குப் பக்கம். வாந்தி வேறு எடுத்துக்கொண்டிருந்ததால் குடித்த தண்ணீரும் தங்கியிருக்காது. இன்றைக்கு அந்த நிலையில் ஒருவர் இருந்தால் அணி மருத்துவரே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். அந்தத் துணிச்சலைக் கொண்டாடுங்கள், ஆனால் உங்கள் பிள்ளைகள் வெயிலில் ஆடும்போது இந்தக் கதையைச் சொல்லி உசுப்பேற்றாதீர்கள்.

மாடவீதி_மங்கை

நான் அஞ்சாம் நாள் போனேன். திங்கட்கிழமை. அண்ணனுக்கு ஆபீஸில் லீவு கிடைக்கலை, அவனோட டிக்கெட் எனக்கு வந்தது. நியாயமாப் பார்த்தா அது செத்த ஆட்டம். ஆஸ்திரேலியா 574, நாம 397, அதுவும் கபில் 119 அடிச்சதால ஃபாலோ ஆன், அதாவது உடனே மறுபடி ஆட வேண்டிய நிலைமை, தப்பிச்சோம். பார்டர் 170-க்கு டிக்ளேர் பண்ணி 348 அடிங்கன்னு விட்டுட்டார். 87 ஓவர்.

ஜோன்ஸ் ஆஸ்பத்திரியோட முடிஞ்சிட்டார்னு பல பேர் நினைச்சுட்டு இருக்காங்க. ரெண்டாவது இன்னிங்ஸ்லயும் வந்து 24 ரன் எடுத்தார். அஞ்சாம் நாள் நம்ம வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டதும் அவரேதான். கவாஸ்கர் அன்னிக்கு அவ்வளவு அழகா ஆடினார், தொடர்ந்து நூறாவது டெஸ்ட் அவருக்கு. 90-ல இருக்கும்போது பிரைட் பந்துல கேட்ச். பிடிச்சது யாருன்னு பார்த்தா ஜோன்ஸ்! எனக்குப் பக்கத்துல இருந்த மாமி, டிரிப்ஸ் ஏத்தி அனுப்பினதே நம்ம ஊர் ஆஸ்பத்திரிதானேன்னு தலையில அடிச்சுக்கிட்டாங்க. அந்த விக்கெட் போகலைன்னா ஆட்டம் கடைசி ஓவர் வரைக்கும் வந்தே இருக்காது. ஆட்ட நாயகன் விருதை கபிலுக்கும் ஜோன்ஸுக்கும் சேர்த்துக் கொடுத்தாங்க. அதுல யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

ஆஸ்திரேலிய ஸ்பின்னர் மேத்யூஸ் அந்த வெயில்ல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு பந்து போட்டதைப் பத்தி யாராவது தனியா எழுதுங்கப்பா. எனக்கு இன்னமும் புரியலை.

லெக்பிரேக்

1987-ஐ விட்டுவிட்டீர்களே! அக்டோபர் 9, ரிலையன்ஸ் உலகக் கோப்பை, அதே சேப்பாக்கம், அதே எதிரி. மணிந்தர் பந்தை ஜோன்ஸ் தூக்கி அடித்தார். எல்லைக்கோட்டில் ரவி சாஸ்திரி. உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதில் குழப்பம். சாஸ்திரி நாலு என்று காட்ட, நடுவர் டிக்கி பேர்டும் நாலு கொடுத்தார். ஜோன்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இடைவேளையில் ஆஸ்திரேலிய மேலாளர் போய்ப் பேச, கபில் தேவ் பெருந்தன்மையாகச் சரி, ஆறே இருக்கட்டும் என்றார். 268 என்றிருந்தது 270 ஆனது.

நாம் 269-க்கு ஆல் அவுட். ஒரே ஒரு ரன். சித்து முதல் ஒருநாள் ஆட்டத்திலேயே 73, ஸ்ரீகாந்த் 70, எல்லாம் வீண். கடைசி விக்கெட், ஸ்டீவ் வாஹ் பந்தில் போல்ட் ஆனவர் யார் தெரியுமா? அதே மணிந்தர். ஒரே மைதானத்தில் அடுத்தடுத்த வருஷம் இரண்டு தடவை. அவருக்கு அந்த ஊர் பக்கமே தலைவைக்கப் பிடித்திருக்காது.

நான் அந்த ஆட்டத்துக்கு இருந்தேன், சாஸ்திரி நின்ற பக்கத்துக்கு எதிர்க்கோடி. அது ஆறா நாலா என்று என்னைக் கேட்காதீர்கள், மேலே போன பந்தே எங்களுக்குத் தெரியவில்லை. ஸ்கோர் போர்டு மாறியபோது சுற்றியிருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அன்றைக்குத் திட்டாத திட்டு இல்லை ஜோன்ஸை. ஆனால் கேட்டுப் பெற்றது அவருடைய ரன் தானே.

வெள்ளவத்தை_வாசி

கொழும்பிலிருந்து எழுதுறன். எல்லாரும் பாராட்டுறீங்கள், சரி. எனக்கு இந்தப் பேரைக் கேட்டா முதல்ல ஞாபகம் வாறது 2006. பி. சரவணமுத்து மைதானத்தில தென்னாப்பிரிக்காவோட டெஸ்ட். நான் அண்டைக்கு மைதானத்திலதான் இருந்தன். தாடி வச்ச முஸ்லிம் ஆட்டக்காரர் ஹாஷிம் அம்லா ஒரு பிடி எடுத்தார். மைக் நிறுத்தியாச்சு எண்டு நினைச்சு, வர்ணனையில இருந்த ஜோன்ஸ் அவரைத் தீவிரவாதி எண்டு சொல்லிப்போட்டார். தென்னாப்பிரிக்காவில டீவி பார்த்தவங்களுக்கு அது கேட்டுட்டுது. மைதானத்தில இருந்த எங்களுக்கு இரவுதான் விஷயம் தெரியும். டென் ஸ்போர்ட்ஸ் சேனல் உடனே வேலையால நிப்பாட்டிச்சுது, அவரும் மன்னிப்புக் கேட்டார். எங்கட வீட்டில தாடி வச்ச ஆக்கள் இருக்கினம். எனக்கு அது லேசில ஆறேல்லை. அவர் செத்த அண்டைக்கும் இதைத்தான் முதல்ல நினைச்சன். செத்தவரைப் பற்றிக் கதைக்கிற இடத்தில இதையும் சொல்லத்தான் வேணும்.

பெல்ஸ்ரோடு

சொல்லத்தான் வேண்டும். நீங்கள் எழுதியதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதை மழுப்ப நான் வரவில்லை. அதற்குப் பின் நடந்ததைச் சேர்த்துக்கொள்கிறேன். பாகிஸ்தான் சூப்பர் லீகில் இஸ்லாமாபாத் யுனைடெட்டுக்குப் பயிற்சியாளராகப் போய் 2016, 2018 இரண்டு கோப்பைகள் வாங்கிக் கொடுத்தார். கடைசியாகக் கராச்சி கிங்ஸ். கொரோனாவால் 2020 போட்டி பாதியில் நின்று, நவம்பரில்தான் முடிந்தது. ஜோன்ஸ் இல்லை, அவர் இடத்தில் வாசிம் அக்ரம் நின்றார். கராச்சி ஜெயித்து, கோப்பையை ஜோன்ஸுக்குச் சமர்ப்பித்தது. தாடி வைத்த பையன்கள்தான் அந்த அணியில் பலரும். இது அதற்கு ஈடாகுமா என்று கணக்குப் போட நான் ஆளில்லை.

வெள்ளவத்தை_வாசி

இது எனக்குத் தெரியாது. நன்றி. கணக்கு நானும் போடேல்லை.

தொண்ணூறுகளின்_பிள்ளை

எனக்கு ஜோன்ஸ்னா டெஸ்ட் கிடையாது, டீவிதான். என்டிடிவில 'புரொஃபசர் டீனோ'ன்னு பட்டதாரி அங்கி மாட்டிக்கிட்டு கிரிக்கெட் பாடம் எடுப்பார். அவர் ஆடினவர்னே தெரியாம பார்த்துட்டு இருந்தேன். 'இந்தாளு சேப்பாக்கத்துல என்ன பண்ணான் தெரியுமா'ன்னு அப்பா ஒருநாள் சோபாலேர்ந்து எழுந்து நின்னு விளக்கினப்பதான் தெரியும்.

பிறகு தேடிப் பார்த்தா ஒரே கலாட்டா ஆளு. 1993-ல வெஸ்ட் இண்டீஸ் வேகப்பந்து வீச்சாளர் ஆம்ப்ரோஸ்கிட்ட கையில இருக்கிற வெள்ளைப் பட்டையைக் கழட்டுன்னு சொல்லியிருக்கார், வெள்ளைப் பந்து தெரியலையாம். கழட்டிட்டு ஆம்ப்ரோஸ் அஞ்சு விக்கெட் எடுத்தார். கூட ஆடினவங்க ஜோன்ஸை என்ன சொல்லித் திட்டியிருப்பாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

அவர் இறந்த வருஷம் மெல்பர்ன்ல பாக்ஸிங் டே டெஸ்ட், நம்ம அணிதான் எதிர்ல. ரஹானே சதம் அடிச்சு ஜெயிச்ச மேட்ச். முதல் நாள் தேநீர் இடைவேளைல, சரியா 3:24-க்கு, அவரோட மனைவியும் மகள்களும் பச்சைத் தொப்பி, மட்டை, கூலிங்கிளாஸ் எல்லாத்தையும் ஸ்டம்ப்ல வெச்சாங்க. அவரோட டெஸ்ட் தொப்பி எண் 324. அப்பாவும் நானும் பார்த்துட்டு இருந்தோம். அப்பா ஒண்ணும் பேசலை, 'காபி வெச்சுக் குடு'ன்னார்.

ஓய்வுபெற்ற_ஸ்கோரர்

கிளப் ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதினவன் நான். வாழ்நாளில் நூற்றுக்கணக்கான சதங்களைக் கோடு போட்டு எண்ணியிருக்கிறேன். 86-இல் பொழுதுபோக்காக கேலரியில் உட்கார்ந்து தனியாக நோட்டில் எழுதினேன். அந்த நோட்டில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும்: ஜோன்ஸின் வரிசையில் ஒன்றும் இரண்டும் நெருக்கமாக வந்துகொண்டிருக்கும், பிறகு அவை குறைந்து, ரன் இல்லாத பந்துக்கு வைக்கும் புள்ளிகளும் நாலுகளும் மட்டும் ஆகிவிடும். உடம்பு எங்கே விட்டுப்போனது என்பதை அந்தப் பக்கத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

ரொம்ப வருஷம் கழித்து, அவர் வர்ணனைக்காகச் சென்னை வந்திருந்த சமயம், ஒரு ஹோட்டல் வாசலில் அந்த நோட்டை நீட்டினேன். என்னிடம் ஆங்கிலம் குறைவு, அவசரத்தில் வந்ததும் மறந்துவிட்டது. அந்தப் பக்கத்தை விரித்துக் காட்டினேன், அவ்வளவுதான். வாங்கிப் பார்த்து, 210-க்குக் கீழே கையெழுத்துப் போட்டார். வண்டி காத்திருந்தது, போய்விட்டார். யாரிடமும் பெருமையாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் பேரன் அந்த நோட்டைத் தொட்டால் எனக்குக் கோபம் வரும்.

டை ஆன இரண்டு டெஸ்டிலும் இருந்த பாப் சிம்ப்சன், 1960 பிரிஸ்பேனில் ஆட்டக்காரராக, சென்னையில் பயிற்சியாளராக, அவரும் 2025 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். அந்த ஐந்து நாட்களைப் பற்றி நேரடியாகக் கேட்கக்கூடியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். தொண்ணூறுகளின் பிள்ளைக்கு ஒரு வேண்டுகோள். இணையத்தில் தேடினால் எல்லாரும் கடைசி ஓவரைத்தான் போட்டுக் காட்டுவார்கள். நாலு ரன் தேவை, ஒரு இரண்டு, ஒரு ஒன்று, ஸ்கோர் சமம், ஐந்தாவது பந்தில் எல்பிடபிள்யூ. அது ஐந்து பந்து. ஜோன்ஸ் ஆடினது முந்நூற்று முப்பது. அந்தத் துண்டுகள் கிடைத்தால் அப்பாவோடு உட்கார்ந்து பாருங்கள். ஸ்கோரில் சந்தேகம் இருந்தால் என்னைக் கேளுங்கள், நோட்டு பத்திரமாக இருக்கிறது.