நித்திரையில் மூச்சடைப்பு: மெசினுக்குப் பதிலாப் பல்லுத்தட்டு சரிவருமோ?

பரந்தன் சந்தி:
அப்பாவுக்கு 61 வயது. நித்திரைச் சோதனையில ஏ.எச்.ஐ (மணித்தியாலத்துக்கு எத்தினை தரம் மூச்சு நிக்குது அல்லது குறையுது எண்ட கணக்கு) 22. சீபாப் (காத்தழுத்தம் குடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்கிற மெசின்) மாஸ்க்கைப் போட்டு அரை மணித்தியாலத்தில கழட்டிப்போடுறார். கீழ்த்தாடையை முன்னுக்கு இழுக்கிற தட்டு போடலாமோ? மேல 9 பல்லு, கீழ 11. வெத்திலை போடுறவர்.

முரசும் பல்லும்:
22 நடுத்தரம் (15–30). தட்டு போட்டுப் பாக்கலாம். 30ஐத் தாண்டினால் முதல் மெசின்தான்.

தாடை முன்னுக்கு வர நாக்கின்ர அடியும் சேர்ந்து வரும், தொண்டை திறக்கும். ஆனால் தாடையைப் பிடிச்சிருக்கிற பாரம் முழுக்கப் பல்லில. வரிசைக்கு 8 தொடக்கம் 10 உறுதியான பல்லாவது வேணும். எண்ணிக்கை மட்டும் காணாது, ஆடுதோ எண்டும் பாருங்கோ. மற்றது, வாய் திறக்கிற அளவு. பாக்கால கன்னம் நார்பிடிச்சு இறுகியிருந்தால் அளவெடுக்கிற ட்றேயே உள்ளுக்குப் போகாது. அவற்ற மூண்டு விரல் ஒண்டுக்கு மேல ஒண்டா முன்பல்லுகளுக்கு இடையில போகுதோ? போகாட்டி, அல்லது வெள்ளை, சிவப்புத் திட்டு இருந்தால், தட்டுக் கதையை விட்டிட்டு முதல் வாயைக் காட்டுங்கோ.

குளக்கட்டு:
சுடுதண்ணியில போட்டுக் கடிக்கிற கடைத்தட்டு வாங்காதேங்கோ, இரவில கழண்டு விழும். அளவெடுத்துச் செய்த, திருகாணி உள்ளதுதான் வேணும். தாடை 10 மி.மீ. முன்னுக்கு நீளுமெண்டால் 5இல தொடங்கி, சில நாளைக்கு ஒருக்கா 0.25 மி.மீ. படி கூட்டுறது. ஒரேயடியா 3 மி.மீ. திருகினால் காதடி மூட்டு நோகும், பிறகு தட்டு அலுமாரிக்குள்ளதான்.

குறட்டை நிண்டதை நம்பாதேங்கோ. சத்தம் போயும் மூச்சு நிக்கலாம். தட்டைப் போட்டபடியே திரும்பச் சோதனை செய்யவேணும். வருசக்கணக்கில பாவிக்கக் கடி மாறும். அதுக்குத்தான் காலமையில கடிக்கிற சின்னக் கட்டை தருவினம்.

கழுவப் பச்சைத்தண்ணியும் மென்சோப்பும் போதும், கொதிதண்ணியில வளைஞ்சிடும். எங்கட கிணத்துத் தண்ணிக்கு வெள்ளைப் படை பிடிக்கும். வினாகிரியும் தண்ணியும் சமனாக் கலந்து 15 நிமிசம் ஊறவிடலாம். திருகாணி உலோகமெண்டால் செய்தவரிட்டக் கேட்டிட்டு.

பரந்தன் சந்தி:
விரல் மூண்டும் போகுது, திட்டும் இல்லை. ஆனால் மேல ரெண்டு பல்லு ஆடுது.

முரசும் பல்லும்:
அப்ப மேல 7தான். இப்ப தட்டுக்குக் காசு கட்டாதேங்கோ. முரசு வைத்தியம் முடிய, ஆட்டம் நிண்டுதோ எண்டு பல் டொக்டர் பாத்துச் சொல்லட்டும். அதுவரைக்கும் மாஸ்க்கை மாத்திப் பாருங்கோ: முழு முகத்துக்குப் பதிலா மூக்குத் துவாரத்தோட மட்டும் பொருந்திற சின்னது. காத்தழுத்தம் மெல்ல மெல்லக் கூடுற ராம்ப் செற்றிங்கையும் போட்டுவிடுங்கோ. வாயால மூச்சு விடுறவரெண்டால் அந்தச் சின்ன மாஸ்க் சரிவராது.