நியூசிலாந்துக்கு வேட்டைப் பயணம்: துவக்கு தொடமாட்டன் எண்டவன் கூடப் போகலாமோ?

பம்புக்காரன் (சுன்னாகம்):

வணக்கம் உறவுகளே. சுன்னாகத்தில தண்ணிப் பம்பு திருத்திற கடை வைச்சிருக்கிறன். வயது 54. நான் இதுவரைக்கும் கண்ட வெளிநாடு மண்டபம் முகாம் மட்டும்தான்.

தம்பி ரொறன்ரோவில. 1989இல, பதினஞ்சு வயதில போனவன். என்னைக் கூப்பிட்டு இரண்டு தரம் கனடா விசாவுக்குப் போட்டு, இரண்டு தரமும் இல்லையெண்டு வந்திட்டுது. இப்ப அவன்ர மகள் நியூசிலாந்தில, டனீடனில படிக்கிறாள். "அண்ணை, நான் அங்கை வாறன், நீங்களும் வாங்கோ. ஏப்ரலில பன்ரண்டு நாள். வான் ஒண்டு எடுத்து ஓடுவம், இரண்டு நாள் வேட்டைக்கும் போவம்" எண்டு ஒரே பிடியாய் நிக்கிறான். ஒன்ராறியோவில ஒவ்வொரு நவம்பரும் மானுக்குப் போறவன் அவன், லைசன் எல்லாம் இருக்கு.

இந்த வேட்டைப் பைத்தியம் ஐயாவிட்டயிருந்து வந்தது. ஐயா ஒட்டுசுட்டானில வயல் செய்தவர். இடியன் துவக்கு ஒண்டு வைச்சிருந்தவர். மரை விழுந்தால் அந்தக் கிழமை ஒழுங்கை முழுக்க மணக்கும், மிச்சம் வத்தலாய்த் தேனுக்குள்ள கிடக்கும். எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போய், புழுக்கையைக் கையில எடுத்து நசிச்சுக் காட்டி, இது இராத்திரிப் போனது, இது விடியப்புறம் போனது எண்டு சொல்லித் தருவார். தம்பிக்கு அப்ப எட்டு வயது இருக்கும்.

இனி என்ர பிரச்சினை. எனக்குத் துவக்கைக் கண்டால் வேட்டை ஞாபகம் வாறேல்லை. ஏனெண்டு இங்கை இருக்கிற ஆக்களுக்கு விளங்கும், எழுதத் தேவையில்லை. கையில எடுக்கமாட்டன். பக்கத்தில வெடிச்சால் என்ன மாதிரி இருப்பனோ, அதுவும் தெரியாது. தம்பிக்கு இதைச் சொல்லேல்லை. அவன் கெதியாய் வெளிக்கிட்டவன், அவனுக்குத் துவக்கு எண்டால் இப்பவும் ஐயாதான்.

அங்கை இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ. சும்மா கூட நடந்து போக விடுவினமோ? என்ர இலங்கை லைசனில வான் ஓடலாமோ? பன்ரண்டு நாளில எதைப் பார்க்கிறது, எதை விடுறது? சாப்பாட்டுச் சாமான் என்ன கொண்டு வரலாம்? மனிசி இப்பவே மிளகாய்த்தூள் இடிக்கத் தொடங்கீட்டா.


தென்தீவு வரணியான் (கிறைஸ்ற்சேர்ச்):

அண்ணை, நான் வரணிப் பக்கம். இங்கை வந்து பதினாறு வருசம். குளிர்காலத்துக்கு இரண்டு மானாவது வீட்டுப் பிறீசருக்குள்ள போகும், அதால கொஞ்சம் நீட்டாய் எழுதுறன்.

முதல்ல துவக்கு. கனடாவிலயிருந்து அதைக் காவிக்கொண்டு வரவேண்டாம் எண்டு தம்பிக்குச் சொல்லுங்கோ. இறங்கி ஏறுற ஒவ்வொரு நாட்டிலயும் அனுமதி கேட்டு மாளாது. 2019 மார்ச்சில இங்கை பள்ளிவாசல்களில நடந்த கொலைக்குப் பிறகு அரைத் தானியங்கித் துவக்குகளில பெரும்பாலானதைத் தடை செய்து, சட்டத்தையும் இறுக்கிப்போட்டினம். தனியச் சுடப்போறார் எண்டால் வெளிநாட்டு விருந்தாளிக்கு எண்டு ஒரு துவக்கு லைசன் இருக்கு, அதை வெளிக்கிட முன்னமே விண்ணப்பிக்கோணும். லைசன் உள்ள வழிகாட்டியோட போனால் அது தேவையில்லை. அவர் கையெட்டுத் தூரத்தில நிண்டு பார்த்துக்கொண்டிருக்க, அவற்ற துவக்கால சுடலாம். வானுக்குள்ள படுத்து எழும்பிக்கொண்டு துவக்கையும் வைச்சிருக்கிறது தலையிடி, பூட்டி வைக்கிற விதி கடுமை. ஆனபடியால் வழிகாட்டிதான் உங்களுக்குச் சரி.

நீங்கள் சும்மா போகலாம். ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம். ஆனால் வழிகாட்டிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கோ, இவர் சுடமாட்டார், சத்தமும் ஒத்துவராது எண்டு. காது மூடி தருவினம். இல்லாட்டி மலைக்கு இந்தப் பக்கத்தில உங்களை இருத்தித் தூரக்கண்ணாடியைத் தந்திட்டுப் போவினம். உண்மையைச் சொன்னால் மலை வேட்டையில முக்கால்வாசி தூரக்கண்ணாடி வேலைதான். வெடி ஒண்டே ஒண்டு, அதுவும் விழாத நாள்தான் கூட.

ஏப்ரல் நல்ல மாதம். செம்மான் கிடாய்கள் மார்ச் கடைசியிலயிருந்து ஏப்ரல் நடு வரை சோடி தேடிக் கத்தும். இங்கத்தை ஆக்கள் அதை 'றோர்' எண்டுவினம். விடிய முன்னம் பள்ளத்தாக்குக்குள்ள நிண்டு அதைக் கேட்டால் மயிர்க்கூச்செறியும். மாடு கதறுறதுக்கும் சிங்கம் உறுமுறதுக்கும் நடுவில ஒரு சத்தம். நீங்கள் இதுக்கு மட்டும் வந்தாலே காணும்.

அரச காட்டுக்குள்ள மான் வேட்டைக்கு வருசம் முழுக்க இலவச அனுமதி. இயற்கைப் பாதுகாப்புத் திணைக்களத்தின்ர தளத்தில எடுக்கலாம். ஆனால் றோர் காலத்தில நல்ல இடங்கள் சிலதைச் சீட்டுப்போட்டுக் குடுப்பினம். இரவில லைற் அடிச்சுச் சுடுறது அரச காட்டில சட்ட விரோதம். வன்னிப் பழக்கம் சரிவராது.

இன்னொண்டு. எலியையும் பொசம் எண்ட மரமேறி மிருகத்தையும் கொல்லக் காடுகளில 1080 எண்டு ஒரு நஞ்சு போடுவினம். போட்ட இடத்தில பலகை நிக்கும், திணைக்களத்தின்ர வரைபடத்திலயும் இருக்கும். அந்த எல்லைக்குள்ள விழுந்த மிருகத்தைச் சாப்பிடவேண்டாம். வழிகாட்டி பார்த்துக்கொள்ளுவார், எண்டாலும் நீங்களும் ஒருக்கா கேளுங்கோ. சுட்ட இறைச்சியை நாங்கள் தின்னலாம், ஆருக்கும் சும்மா குடுக்கலாம், விக்கேலாது.

வழிகாட்டியிட்ட விலை கேட்டால் இரண்டு விதமாய்ச் சொல்லுவார். கொம்பு பெரிசாய் வேணுமெண்டால் வேலி அடைச்ச தனியார் காணிக்குள்ள கூட்டிக்கொண்டு போவினம், காசு பேய்க்காசு. இறைச்சிக்கு ஒரு பெட்டை மான் காணுமெண்டால் அதின்ர சின்னப் பங்குதான். தம்பி எதை நினைச்சுக்கொண்டு வாறார் எண்டதை முதல்ல கேளுங்கோ. வேலிக்குள்ள சுடுறது வேட்டையோ எண்டு என்னட்டக் கேட்டால் நான் சண்டைக்கு வருவன்.

பாதை நாளைக்கு எழுதுறன். இப்ப வேலைக்கு நேரம்.


நல்லூர்ச் சைவன்:

உயிரைக் கொல்லுறதுக்கு இவ்வளவு காசு செலவழிச்சுப் பிளேன் ஏறவேணுமோ? மகளைப் பார்த்து, மலையைப் பார்த்திட்டு வாங்கோ. புண்ணியமாவது மிஞ்சும்.


தென்தீவு வரணியான்:

சைவன் அண்ணை, கோவிக்கவேண்டாம். இந்த நாட்டுக்குச் சொந்தமான தரை மிருகம் வௌவால் மட்டும்தான். மானும் மலையாடும் வெள்ளைக்காரர் வேட்டைக்கெண்டு கப்பலில கொண்டுவந்து விட்டது. தின்னுற மிருகம் இல்லாமலே வளர்ந்த காடு, அவை குருத்தெல்லாம் மேய்ஞ்சு முடிக்குதுகள். நான் சுடாட்டி அரசாங்கமே ஹெலியில ஆளேத்தித் தட்டுது. இமாலயத் தார் ஆட்டுக்கு 1993இல ஒரு திட்டம் போட்டு, பத்தாயிரத்துக்கு மேல விடக்கூடாதெண்டு எழுதி வைச்சிருக்கினம். தார் எண்டது எங்கட ஆக்கள் வரையாடு எண்டுற நீலகிரி ஆட்டின்ர உறவு. நீங்கள் கேட்டதும் நியாயம்தான், எனக்கும் முதல் மான் விழுந்த அண்டு சோறு இறங்கேல்லை.


கோண்டாவில் அக்கா (ஓக்லாந்து):

சாப்பாட்டுச் சாமான் பற்றி நான் சொல்லுறன், அதில எனக்கு அனுபவம் காசு குடுத்து வாங்கினது. அம்மா வரேக்க கைப்பைக்குள்ள ஒரு கறுத்தக்கொழும்பான் மாம்பழம். பிளேனில தின்ன எடுத்தது, மறந்துபோனா. படிவத்தில 'இல்லை' எண்டு புள்ளடி போட்டாச்சு. நாய் வந்து பைக்குப் பக்கத்தில இருந்திட்டுது. அந்த இடத்திலயே 400 டொலர். கறுத்தக்கொழும்பானுக்கு அவ்வளவு விலை குடுத்தது யாழ்ப்பாணச் சரித்திரத்திலயே எங்கட அம்மா ஒருத்திதான்.

தம்பி, கொண்டுவாறது குற்றமில்லை, எழுதாமல் விடுறதுதான் குற்றம். எல்லாத்தையும் எழுதிக் காட்டுங்கோ. எனக்கு வீட்டில இடிச்ச தூளைத் திறந்து மணந்து பார்த்திட்டுத் தும்மித் தும்மி விட்டவை. பழம், தேன் தொடவும் வேண்டாம். ஐயாவின்ர ஞாபகத்தில தேனுக்குள்ள வத்தல் கித்தல் எண்டு ஏதும் யோசனை இருந்தால் அங்கையே விட்டிடுங்கோ, இறைச்சியும் தேனும் இரண்டும் மாட்டும். சப்பாத்தில மண் இருந்தாலும் பிரச்சினை. அடியை பிரஷ் போட்டுக் கழுவிக் காயவைச்சு, அதையும் எழுதிக் காட்டுங்கோ.

விசாவுக்குக் கெதியாய்ப் போடுங்கோ. கனடாப் பாஸ்போட்டுக்கு இணையத்தில ஒரு சின்னப் பதிவோட முடிஞ்சிடும், எங்கட பாஸ்போட்டுக்கு முழு விசா. கடைப் பதிவு, வங்கிக் கணக்கு, காணி உறுதி எண்டு திரும்பிப் போவன் எண்டு காட்டுற எல்லாத்தையும் வையுங்கோ. கனடா மறுத்ததை ஒளிக்கவேண்டாம், கேட்டால் உள்ளபடி எழுதுங்கோ. அவுஸ்திரேலியாவுக்குள்ளால ரிக்கற் எடுத்தால் அதுக்கும் விசாச் சோலி வரும், சிங்கப்பூருக்குள்ளால வாங்கோ.


தென்தீவு வரணியான்:

அக்கா சொன்னது முழுக்கச் சரி. இனிப் பாதை.

இலங்கை லைசனில இங்கிலீசும் இருக்கிறபடியால் ஓடலாம். எங்களைப் போல இடப்பக்கம்தான். ஆனால் ஒத்தைப் பாலங்கள் கவனம், சின்னச் சிவப்பு அம்பு உங்கட பக்கம் எண்டால் நீங்கள்தான் நிண்டு விடோணும். கூகிள் சொல்லுற நேரத்தோட ஒரு மணித்தியாலம் கூட்டுங்கோ. வான் எடுக்கேக்க கழிவறை பொருத்தி, சான்றிதழ் ஒட்டின வானாய்ப் பாருங்கோ. அது இல்லாமல் றோட்டோரம் நிண்டு படுத்தால் தண்டம்.

மகள் டனீடனில எண்டபடியால் மேற்குக் கரையை விடுங்கோ. வடிவுதான், ஆனால் மழையும் மணல் ஈயும், இரண்டு கரையையும் பன்ரண்டு நாளில சுத்தினால் வானுக்குள்ளயே வாழ்க்கை போயிடும். கிறைஸ்ற்சேர்ச்சில இறங்கி ரெக்காப்போ ஏரி, ஒரு 230 கிலோமீற்றர். ஏரித் தண்ணி நீலம் துவைச்ச வாளி மாதிரி இருக்கும், பனியாறு அரைச்ச கல்மா கலந்த நிறம் அது. பிறகு புக்காக்கி ஏரிக் கரையால அயோராக்கி, வெள்ளைக்காரர் மவுண்ட் குக் எண்டுற மலை, 3724 மீற்றர். வேட்டை இரண்டு நாளையும் அந்தச் சுற்றுவட்டாரத்தில வையுங்கோ. பிறகு லிண்டிஸ் கணவாயால வானக்கா, அங்கையிருந்து டனீடன், கரையால திரும்பிக் கிறைஸ்ற்சேர்ச். மழைச் சட்டை, கம்பளித் தொப்பி கட்டாயம். ஏப்ரலில மலையில பனி கொட்டும். பருத்தி உடுப்பு நனைஞ்சால் ஆளைக் கொல்லும்.

இதை எழுதுறதோ விடுறதோ எண்டு யோசிச்சனான், பாதை கெட்டுப்போம் எண்டு. நீங்கள் ஐயாவின்ர மரையைச் சொன்னபடியால் எழுதுறன். இங்கை வடதீவில மரை இருக்கு. அதே மரைதான். 1875இல இலங்கையிலயிருந்து கப்பலில கொண்டுவந்து மனவாட்டுப் பக்கம் விட்டது, பெருகி நிக்குது. பொக்ஸ்ரன் கரையோர மணல்மேடும் பைன் தோட்டமும்தான் அதின்ர இடம். நான் ஒருக்கா விடியப்புறம் கண்டனான். மற்ற மான் மாதிரி ஓடேல்லை. நிண்டு காலைத் தரையில அடிச்சு ஒரு குரல் குடுத்துது பாருங்கோ, எங்கட ஊர்க் காட்டில கேக்கிற அதே 'டொங்' எண்ட சத்தம்.


பம்புக்காரன்:

வரணியான் தம்பி, உங்கட கடைசிப் பந்தியைக் கடையில வைச்சு வாசிச்சன். பம்பு எடுக்க வந்த ஆள் என்ன அண்ணை எண்டு கேட்டிட்டார்.

தம்பிக்கு இராத்திரி போன் எடுத்து எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், துவக்கு விசயத்தையும். கொஞ்ச நேரம் கதைக்கேல்லை. பிறகு, "அண்ணை, எனக்கு நீங்கள் கூட நடந்தால் காணும், கொம்பு ஒண்டும் வேண்டாம்" எண்டான். வேலிக்காணி இல்லை. வழிகாட்டியோட ஒரு நாள் மட்டும், பெட்டை மான், நான் தூரக்கண்ணாடி. மரையைச் சொன்னவுடன அவன் வானக்காவையும் வெட்டிப்போட்டான். டனீடன் முடிய வானைக் கிறைஸ்ற்சேர்ச்சில குடுத்திட்டு, வடதீவுக்குப் பிளேனில போய் இரண்டு இரவு பொக்ஸ்ரன் பக்கம் நிப்பம் எண்டுறான். துவக்கு இல்லாமல். அந்தக் காடுகளுக்குள்ள சும்மா போகலாமோ, ஆரிட்டையும் கேக்கவேணுமோ?


தென்தீவு வரணியான்:

கேக்கவேணும். பைன் தோட்டம் கனக்கத் தனியார் காணி, அனுமதி இல்லாமல் படலையைத் தாண்டவேண்டாம். அங்கை ஒரு மாட்டுப் பண்ணைக்காரரைத் தெரியும், கேட்டுப்போட்டுத் தனிமடல் போடுறன். ஆனால் எதிர்பார்ப்பைக் குறைச்சுக்கொண்டு வாங்கோ. மரை பகலில பத்தைக்குள்ள படுத்திட்டு இரவில வாற சாமான். இரண்டு இரவில காண்பியளோ தெரியாது, புழுக்கைதான் கிடைக்கும்.


பம்புக்காரன்:

புழுக்கை காணும் தம்பி. எப்ப போனதெண்டு நாங்கள் சொல்லுவம்.