ஒரே அறைப் படம்: அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட் முறை நம்ம வீட்டு ஆசாரத்துல (கூடத்துல) எடுபடுமுங்களா?

நொய்யல்கரை:
கோபிப் பக்கம் ஒரு ஓட்டு வீடு. ஆசாரம் 18க்கு 12 அடி. வாய்க்கா முறைத்தண்ணித் தகராறு பேச எட்டுப் பேரு உக்கார்றாங்க. உச்சி வெயில்ல ஆரம்பிச்சு விளக்கு வெக்கிற நேரத்துல முடியுது. 40 நிமிஷப் படம், ஷூட்டிங் அஞ்சு நாள். ஏபிஎஸ்-சி கேமரா (ஃபுல் ஃப்ரேமை விடச் சின்ன சென்சார்), 18-55 மி.மீ. ஜூம், ஒரு 85 மி.மீ. லென்ஸ். பன்னெண்டு ஜூரிங்க ஒரே அறையில உக்காந்து வாதாடற லூமெட்டோட '12 ஆங்க்ரி மென்' மாதிரி போகப் போக அறை சுருங்கணும். லென்ஸை மாத்துனாப் போதுமுங்களா? முதல் சினிமாவுலயே லூமெட்டுக்கு அந்தத் தெளிவு எப்படி வந்துச்சு? மூல டிவி நாடகத்தையும் அவரே எடுத்ததாலயா?

சிறுவாணித்தண்ணி:
கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில். அவரு எடுக்கலைங்க. 1954ல 'ஸ்டுடியோ ஒன்'ங்கிற அமெரிக்க டிவி நாடகத் தொடர்ல நேரலையாப் போனதை இயக்குனது ஃப்ராங்க்ளின் ஷாஃப்னர், பின்னாடி 'பேட்டன்' எடுத்தவரு. எழுத்து ரெஜினால்ட் ரோஸ். ரோஸும் ஹென்றி ஃபோண்டாவும் சேந்து தயாரிச்சு 1957ல சினிமாவா வந்தப்பத்தான் லூமெட் உள்ளே வர்றாரு.

ஆனா அவரும் நேரலை டிவியில ஊறுன ஆளுதான். சின்னப் பையனா யூதர்களோட யிட்டிஷ் மொழி நாடக மேடையில நடிச்சவரு. 1950வாக்குல சிபிஎஸ் டிவி கம்பெனியில சேந்து 'டேஞ்சர்', 'யூ ஆர் தேர்'னு தொடர்களை எடுத்தாரு. நேரலையில ரெண்டாவது டேக் கிடையாது. யாரு எப்ப எந்திரிக்கோணும், கேமரா எப்ப நகரோணும்னு எல்லாம் ஒத்திகையிலயே முடிஞ்சாகோணும். அந்தப் பழக்கத்தைச் சினிமாவுக்கும் கொண்டு வந்தாரு: ரெண்டு வாரம் ஒத்திகை, முதல் ரெண்டு மூணு நாள் மேசையைச் சுத்தி உக்காந்து வாசிப்பு, அப்பறம் தரையில டேப் ஒட்டி செட்டோட அளவு போட்டு நடமாட்டம். 12 ஆங்க்ரி மென்னை மூணு வாரத்துக்குள்ள முடிச்சது இதனாலதான். அல்லாரும் லென்ஸைக் காப்பியடிக்கிறாங்க, ஒத்திகையை விட்டுர்றாங்க. உங்களுக்கு அஞ்சு நாள்னா அதுக்கு முன்னாடி அதே ஆசாரத்துல அஞ்சு நாளாச்சும் ஒத்திகை வேணுமுங்க.

(டிவியை அவரு கடைசி வரைக்கும் எளக்காரமா நெனைக்கலை. 2001ல '100 சென்டர் ஸ்ட்ரீட்'ங்கிற கோர்ட்டுத் தொடரை ஹெச்டியில எடுத்தாரு. 2007ல கடைசிப் படமும் டிஜிட்டல்தான். அப்ப வயசு 83.)

காங்கேயத்தான்:
லென்ஸ் கணக்கு. லூமெட் 28 மி.மீ.ல இருந்து 40 வரைக்கும் உள்ள லென்ஸை வெச்சு ஆரம்பிச்சு, அப்பறம் 50, 75, 100னு ஏறுனாரு (எண் ஏற ஏறச் சட்டகத்துல விழற அகலம் குறையும்). ஏபிஎஸ்-சி சென்சார் கிட்டத்தட்ட அந்த 35 மி.மீ. ஃபிலிம் அகலந்தான், அதனால எண்ணை அப்படியே எடுத்துக்கலாம். ஃபுல் ஃப்ரேம் கேமராவா இருந்தா ஒண்ணரையால பெருக்கோணும்.

85 போட்டதும் அறை சுருங்கிராது. நின்ன எடத்துலயே 85 போட்டா மூஞ்சி பெருசாகும், அவ்வளவுதான். கேமரா பின்னாடி போனாத்தான் ஆளுக்குப் பின்னால இருக்கிற செவுரு முதுகோட வந்து ஒட்டும். உங்க 18 அடி நீளவாக்குல 15 அடி தூரம் கிடைச்சா, 85ல சட்டகத்தோட அகலம் சுமார் 4 அடி, ரெண்டு பேரு தோளோட தோள். 12 அடிப் பக்கத்துல 10 அடிதான் கிடைக்கும். 3 அடிக்கும் கம்மி, ஒரே ஆளு. அந்தப் பக்கத்துக்கு கதவைத் தொறந்து கேமராவைத் திண்ணையில வெச்சுருங்க.

லென்ஸை விட கேமரா உயரந்தான் வேலை செய்யும். முதல் பங்கு கண்மட்டத்துக்கு மேல, ரெண்டாவது கண்மட்டம், கடைசிப் பங்கு அதுக்குக் கீழ, அப்பத்தான் மேற்கூரை தலைக்கு மேல வந்து அமுக்கும். நாற்காலியில உக்காந்த ஆளுக்குக் கண்மட்டம் ஏறக்குறைய 4 அடி. அப்ப கேமரா உயரம் 5½, 4, 3 அடி. இங்கதான் மாட்டிக்குவீங்க: மேசை 2½ அடி, 3 அடி உயரத்துல கேமரா வெச்சா மேசை விளிம்பு நெஞ்சுக்குக் கீழ மறைக்கும். நாற்காலிக்கு அடியில 4 அங்குலப் பலகை போட்டு ஆளை உசத்துங்க, சட்டகத்துல தெரியாது. மேல பாத்து எடுக்கறப்ப கூரையில தொங்கற லைட்டெல்லாம் உள்ளே விழும், அதையும் இப்பவே யோசிச்சுக்கங்க.

தறிமேடை:
எடுக்கற வரிசையை யாரும் சொல்லலை. லூமெட்டும் ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனும் கதை வரிசையில போகலை. ஒரு நாற்காலிக்கு லைட் போட்டா, அந்த நாற்காலிக்கு உண்டான ஷாட் அத்தனையும் முடிச்சுட்டுத்தான் அடுத்தது. அப்படி அறையை மூணு சுத்து: சாதா வெளிச்சம், மழை மேகம், விளக்குப் போட்டப்பறம். அதுல நடிச்ச ஃபோண்டாவும் லீ ஜே. காப்பும் மோதறதுல ஒருத்தர் பாதிக்கும் இன்னொருத்தர் பாதிக்கும் நடுவால ஏழெட்டு நாள் போயிருந்துச்சு.

உங்களுக்கும் மூணு சுத்துதான்: உச்சி வெயில், சாயங்காலம், டியூப்லைட். ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு ஷாட்டுக்கும் பக்கத்துல எந்தச் செவுரு, எந்தச் சுத்து, என்ன உயரம்னு எழுதிருங்க. இப்படி வரிசை மாத்தி எடுக்கறப்ப கெட்டுப் போறது பார்வைத் திசை (யாரு எந்தப் பக்கம் பாக்கறாங்கங்கறது). எதிர்ல ஆளு இல்லாம பேசறப்ப நாற்காலிக்கு நாற்காலி ஒரு கலர் டேப், அந்தந்த ஆளோட கண் உயரத்துல ஒரு குச்சியில ஒட்டுங்க. வேர்வையும் கெடும்: கிளிசரினும் தண்ணியும் கலந்து தெளிச்சு, சட்டை நனைவுக்கு 1, 2, 3னு நம்பர் போட்டு ஷாட் முடியறப்ப ஒரு போட்டோ. டீ டம்ளரும் அந்தப் போட்டோவுல இருக்கட்டும்.

ஓட்டுல கண்ணாடி ஓடு பதிச்சிருந்தா வெயில் வட்டம் தரையில நகந்துட்டே இருக்கும், வெட்டி ஒட்டறப்ப அக்கட்டாலயும் இக்கட்டாலயும் குதிக்கும். வெளியில இருந்து கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடிட்டு, வெயிலை ஜன்னல் வழியா நீங்களே லைட் வெச்சு உண்டாக்குங்க. டியூப்லைட் சுத்துல ஷட்டர் வேகம் 1/50 செகண்ட் வெய்ங்க, இல்லாட்டி பட்டை பட்டையா ஓடும். மட்டமான எல்ஈடி டியூப் அப்பவும் மினுங்கும், முந்தின நாளே ஒருக்கா எடுத்துப் பாத்துருங்க.

நொய்யல்கரை:
நெம்ப நன்றிங்க. கண்ணாடி ஓடு மூணு இருக்குது! ஆடி மாசத்துல எடுக்கலாம்னு இருக்கறோம், சத்தத்துக்கு என்ன பண்றது?

தறிமேடை:
ஆடிக்காத்துக்கு ஓடு கடகடங்கும், தார்ப்பாய் அதுக்கு மேல படபடங்கும். ஆவணிக்குத் தள்ளிப் போடுங்க. முடியாதுன்னா தார்ப்பாயை மணல் மூட்டை வெச்சு இறுக்கிக் கட்டுங்க. ஃபேனை நிறுத்திட்டு எடுங்க. சுத்தற மாதிரி தெரியோணும்னா சத்தத்தை அப்பறம் சேத்துக்கலாம். ஒவ்வொரு சுத்து முடிஞ்சதும் எட்டுப் பேரையும் அவங்கவங்க எடத்துல உக்கார வெச்சு, ஒரு நிமிஷம் வாயைத் தொறக்காம அறைச் சத்தத்தைப் பதிவு பண்ணிக்கங்க. ஆளில்லாத அறைச் சத்தம் வேற மாதிரி இருக்கும், எடிட்டிங்ல ஒட்டாது.