பொருள்: மறு: கேனரி ரிலீஸுக்குத் தமிழ்ச் சொல்

வணக்கம். புதிய மென்பொருள் பதிப்பை முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்க்கும் 'கேனரி ரிலீஸ்' பற்றி நீங்கள் எழுதியது:

> 'வெள்ளோட்டம்' போதுமே, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

சொல் நல்ல சொல்தான், பொருத்தம்தான் இல்லை. வெள்ளோட்டத்தில் தேர் ஓடும், தேரில் சாமி இருக்காது. கேனரியில் சாமி ஏறியாச்சு: நிஜப் பயனர்கள், நிஜத் தரவு, ஆனால் உதாரணமாக நூற்றில் ஒருவருக்கு மட்டும் புதிய பதிப்பு. வெள்ளோட்டத்தை ஸ்டேஜிங்குக்கு, அதாவது பயனர்களிடம் போகுமுன் தனியாக நடக்கும் ஒத்திகைக்கு, வைத்துக்கொள்வோம். 'கேனரி வெளியீடு' என்றே விட்டால் நச்சு வாயுவை முன்கூட்டியே அறிய, சுரங்கத்துக்குள் கேனரிப் பறவைக் கூண்டோடு இறங்கிய கதையை ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கும்.

என் பரிந்துரை 'பதவெளியீடு', வினையாக 'பதம் பார்த்தல்'. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். கொதிக்கிற உலையிலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறோம், தனியாக வைத்த மாதிரியை அல்ல. கத்தி கையைப் பதம் பார்த்தது என்றும் சொல்வோமே என்பீர்கள். முதலில் மாட்டுகிற அந்த ஒரு சதவீதத்தினரைக் கேளுங்கள், அதுவும் பொருந்தும்.

2024 ஜூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய புதுப்பிப்புக் கோப்பு எதிர்பார்த்தது 21 உள்ளீடுகள், நிரல் கொடுத்தது 20. சரிபார்ப்புக் கருவி அதைக் கவனிக்காமல் விட்டது. பதம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே மூச்சில் போனதால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்தன. 78 நிமிடத்தில் கோப்பைத் திரும்பப் பெற்றும், விழுந்த கணினி எழுந்து நின்றால்தானே திருத்தம் போய்ச் சேரும்? பல இடங்களில் ஆளே நேரில் போய் கணினியை சேஃப் மோடில் (அவசியமான நிரல்கள் மட்டும் ஓடும் நிலையில்) கிளப்பி அந்தக் கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று.

சரி, என் சொல்லில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. கணினிகள் எல்லாம் ஒரே பானைச் சோறு இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு புதிய பதிப்பை ஒரு கணினியில் முதலில் ஏற்றி, இரண்டு நாள் பார்த்து, மற்றவற்றுக்கும் ஏற்றினோம். கணக்குப் பிரிவில் மட்டும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள் வேறு எந்தக் கணினியிலும் இல்லை. ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவதும் இதோடுதான்: எந்தப் பருக்கை எந்தப் பானைக்குச் சாட்சி? 2007-இல் வந்த மிராஜ் என்ற ஆய்வு, சூழல் ஒத்த கணினிகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் ஓரிரண்டில் முதலில் சோதித்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பும் வழியைச் சொன்னது.

அப்புறம், அந்தக் குழுவுக்கும் ஒரு சொல் வேண்டும். என் குறிப்பேட்டில் இப்போதைக்கு 'பானை' என்று இருக்கிறது. சிரிக்கிறவர்கள் வேறு சொல்லோடு வரவும்.