தகாகியும் அகாரியும் ஏன் பிரிந்தார்கள்?

கேள்வி:
ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மகோதோ ஷின்காயின் 'விநாடிக்கு 5 சென்டிமீட்டர்' (2007) படம் பார்த்தேன். பனி கொட்டும் இரவில், ஊர் மாறிப் போய்விட்ட பள்ளித் தோழி அகாரியைப் பார்க்க, டோக்கியோவிலிருந்து ரயில் மாறி மாறி இவாஃபுனே நிலையத்துக்குப் போகிறான் பள்ளிச் சிறுவன் தகாகி. வழியில் ரயில் மணிக்கணக்கில் நின்றுவிடுகிறது. அவளுக்காக எழுதி வைத்திருந்த கடிதத்தையும் நடைமேடையில் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. நேரம் கெட்ட நேரத்தில் போய்ச் சேர்ந்தால், கணப்பு அடுப்பின் அருகே அவள் காத்திருக்கிறாள். இவ்வளவு பாடுபட்டுச் சந்தித்தவர்கள் ஏன் பிரிந்தார்கள்? சண்டையும் இல்லை, குறுக்கே நின்றவர்களும் இல்லை. எனக்கு மனமே ஆறவில்லை.

பதில் 1:
தூரம்தான் காரணம். அவன் குடும்பம் தெற்கே தானெகாஷிமா தீவுக்குப் போய்விடுகிறது. ஷின்காய் 2002-இல் ஏறக்குறையத் தனியாளாகக் கணினியில் உருவாக்கிய 'ஹோஷி நோ கோஎ' படத்திலும் இதே ஏக்கம்தான். விண்வெளிக்குப் போன பெண் அனுப்பும் குறுஞ்செய்தி பூமிக்கு வந்துசேர எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

பதில் 2:
தூரத்தின் மேல் பழிபோட எனக்கு மனம் வரவில்லை. அந்தப் பெண்ணாவது செய்தியை அனுப்புகிறாள். தகாகியோ கைப்பேசியில் எழுதி எழுதி, யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுகிறான். தீவில் நடக்கும் இரண்டாம் பகுதியை மறுபடி பாருங்கள். பள்ளி விட்டதும் அவனுக்காகக் காத்திருந்து, தற்செயலாகப் பார்த்ததுபோல் ஸ்கூட்டரில் கூடவே போகிறாள் அவனை விரும்பும் பள்ளித் தோழி கனாஎ. அலைச்சறுக்குப் பலகையில் விழாமல் நின்ற அன்றுதான் மனத்தைத் திறப்பது என்று வைராக்கியமாக இருக்கிறாள். நின்றும் விடுகிறாள். அன்று பார்த்து வண்டி மக்கர் செய்ய, இருவரும் நடந்து வரும் வழியில் அழுதுவிடுகிறாள். அந்த நேரம் தீவின் ஏவுதளத்திலிருந்து ராக்கெட் ஒன்று புகையைக் கக்கியபடி மேலே பாய்கிறது. அண்ணாந்து நிற்கும் அவனைப் பார்த்ததுமே, இவன் தேடுவது தன்னிடம் இல்லை என்று அவளுக்குப் புரிந்துவிடுகிறது. ஒன்றும் சொல்லாமலே வீடு திரும்புகிறாள். கைக்கெட்டும் தூரத்தில் அன்பு நின்றும் அவன் தனியாள்தான். எனக்கு அகாரியை நினைத்து அழுகை வரவில்லை, கனாஎவை நினைத்துத்தான் வந்தது.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் கடைசியில், ரயில்வே கேட்டில் அவன் ஏன் சிரிக்கிறான்?

பதில் 2:
ரயில்வே கேட்டில் அகாரி போன்ற ஒரு பெண் அவனைக் கடந்து போகிறாள்; இரு திசையிலும் ரயில்கள் கடந்து முடிந்தபோது அவள் அங்கே இல்லை. அந்தச் சிரிப்பைச் சோகம் என்று பலர் சொல்கிறார்கள், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இத்தனை வருடம் சுமந்ததை அவன் அங்கேதான் இறக்கி வைக்கிறான். மனம் இன்னும் கனத்தால் அவருடைய 'கோதோனோஹா நோ நிவா' (2013) பாருங்கள். அதில் வரும் பள்ளிப் பையன் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் தான் விரும்பும் பெண்ணின் முகத்துக்கு நேராகக் கொட்டித் தீர்க்கிறான்.