புதியவர் பிரிவு விதியை எப்படித் திருத்துவது?
வணக்கம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் கிளப் பைக் ரேஸ் ஓட்டும் தம்பிகளுக்கு நான் வண்டி தயார் செய்து தருகிறேன். போன முறை 165 சிசி புதியவர் பிரிவில் எங்கள் பையன் டிவிஎஸ் அப்பாச்சி 160 இரண்டு வால்வு பைக்கில் இறங்கினான். ஏர் கூலிங், 16 பிஎஸ் (குதிரைத்திறன்). அதே வரிசையில் ஒரு யமஹா ஆர்15. சிசி குறைவுதான், 155. ஆனால் லிக்விட் கூலிங், நான்கு வால்வு, 18 பிஎஸ்ஸுக்கு மேல். நேர்பாதையில் எட்டவே முடியவில்லை. போதாததற்கு, அதை ஓட்டியவர் ஏற்கெனவே மேல் பிரிவில் கோப்பை வாங்கியவர். விதியில் தடை இல்லை, அவர்மேல் தவறும் இல்லை. ஆனாலும் பையன் கையுறையைக் கூடக் கழற்றாமல் பிட்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த விதிக்கான திருத்தத்தை எழுதித் தரச் சொல்லிக் கிளப்பில் கேட்டிருக்கிறார்கள். 2017-இல் தொடங்கிய சூப்பர்ஸ்போர்ட் 300 உலகப் போட்டியில் ஒவ்வொரு மாடலுக்கும் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) வரம்பு, குறைந்தபட்ச எடை என்று வைத்துச் சமன் செய்தார்கள். நமக்கு டைனோ (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) செலவே கட்டுப்படியாகாது. லேப் டைமை வைத்துப் பிரிக்கலாம் என்றால், கீழ்ப் பிரிவில் இடம் பிடிக்கத் தகுதிச் சுற்றில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டுவார்களே! அப்புறம், எத்தனை முறை போடியம் ஏறியவரை மேல் பிரிவுக்கு அனுப்புவது நியாயம்? விதி எழுதிய அனுபவமுள்ள அண்ணன்மார், மாதிரி வாசகம் இருந்தால் தயவுசெய்து போடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.