கலைச்சொல் உதவி: ‘ஹிட்டன் கரிக்குலம்’ (வெள்ளிக்கிழமைக்குள்)

ந. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்கான கல்வித் தத்துவ நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் இயலை வெள்ளிக்கிழமை கொடுத்தாகவேண்டும். எல்லாம் முடிந்துவிட்டது, ‘ஹிட்டன் கரிக்குலம்’ (hidden curriculum) மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இயல் முழுக்க வருகிற சொல், ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியாது.

பொருளில் குழப்பம் இல்லை. அமெரிக்கக் கல்வியாளர் ஃபிலிப் ஜாக்சன் 1968-இல் வெளியிட்ட நூலில் எழுதியது. பிள்ளைகள் கணக்கும் மொழியும் மட்டும் கற்பதில்லை. கூட்டத்தில் இருக்க, பாராட்டுக்கும் கண்டிப்புக்கும் நடுவே இருக்க, தன்னைவிட அதிகாரம் உள்ளவருக்குக் கீழே இருக்கக் கற்கிறார்கள். கையைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பது, முறை வராமலே மணி அடித்தாலும் பொறுத்துக்கொள்வது, பக்கத்தில் இத்தனை பேர் இருந்தும் யாருமே இல்லாத மாதிரி உட்கார்ந்து எழுதுவது. இதெல்லாம் எந்தப் பாடத்திட்டத்திலும் எழுதியிருக்காது, ஆனால் இதில் தேறாதவன் பள்ளியில் தேறமாட்டான்.

வரைவில் ‘மறைந்த பாடத்திட்டம்’ என்று போட்டிருந்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினால், “அடடா, எப்போது காலமானது?” என்கிறார்கள். உதவுங்கள்.

பு. எழுதியது:

அம்மா, முதலில் ‘பாடத்திட்டம்’ என்பதை விடுங்கள். அது சிலபஸ். கரிக்குலம் என்றால் கலைத்திட்டம். ஈழத்துக் கல்வியியல் நூல்களில் இந்த வேறுபாட்டை ஒழுங்காகக் காப்பாற்றி வருகிறார்கள், நாம்தான் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். தவிர ‘பாடம்’ வடசொல். ‘கலை’ அப்படியல்ல, ‘கல்’ என்னும் வேரில் பிறந்தது. கல்லுதல் என்றால் தோண்டுதல். வள்ளுவர் கல்விக்கு மணற்கேணியைச் சும்மாவா உவமை சொன்னார்? தொட்டனைத்து ஊறும். இலத்தீனில் கரிக்குலம் என்பது ‘ஓடு’ என்னும் வினையிலிருந்து வந்தது, ஓட்டம், ஓட்டக்களம் என்று பொருள். அவர்கள் கல்வி ஓடுகிறது, நம் கல்வி தோண்டுகிறது. இதை ஒரு கட்டுரையாகவே எழுதலாம்.

சொல்லுக்கு வருகிறேன். அணியிலக்கண நூலான தண்டியலங்காரம், எழுத்துகளை வைத்து வித்தை காட்டும் சித்திரகவிகளில் கரந்துறைச் செய்யுள் என்று ஒன்றைச் சொல்கிறது. மேலே ஒரு பாட்டு ஓடும், அதன் எழுத்துகளுக்குள்ளேயே இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். நீங்கள் சொல்லும் பொருளும் இதுதானே? கரந்துறை கலைத்திட்டம். முடிந்தது வேலை.

த. எழுதியது:

பு. ஐயாவுக்கு வணக்கம். கரந்துறை அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் இணையத்தில் தேடினால் சோதிடத்தில் வரும் கரந்துறை கோள்கள்தான் வந்து நிற்கின்றன. பயிற்சி மாணவர் யாருக்கும் இந்தச் சொல் ஒரே வாசிப்பில் புரியாது. பேசாமல் ‘ஹிட்டன் கரிக்குலம்’ என்று தமிழ் எழுத்தில் போட்டு, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் கொடுத்துவிட்டால் என்ன? ‘கலை’யும்கூட வடமொழிதான் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள், அதை ஐயா சொல்லவில்லை.

பு. எழுதியது:

தம்பி, முதல் எழுத்தே ‘ஹ’. மேற்கொண்டு பேச விருப்பமில்லை.

ர. எழுதியது:

பேச்சைத் திசைதிருப்ப ஒரு கேள்வி. மறைத்தது யார்?

நான் வகுப்பெடுப்பவன், அதனால் இலக்கணத்தில் உங்களோடு மல்லுக்கட்ட மாட்டேன். ஆனால் ‘கர’ என்றதும் எனக்குக் காக்கைதான் நினைவு வருகிறது. காக்கை கரவா கரைந்துண்ணும். இரப்பவனுக்கு இல்லை என்று ஒளிக்கிறவனையும் வள்ளுவர் ‘கரப்பவர்’ என்றே சொல்கிறார். அங்கெல்லாம் வேண்டுமென்றே ஒளிக்கிற ஓர் ஆள் இருக்கிறான். ஜாக்சன் சொல்வதில் அப்படி யாரும் கிடையாது. நான் காலையில் வகுப்புக்குள் போகும்போது ‘இன்று இவர்களுக்குப் பொறுமையையும் பணிவையும் ரகசியமாக ஊட்டப்போகிறேன்’ என்று நினைத்துக்கொண்டா போகிறேன்? நான் பின்னங்களை நடத்தத்தான் போகிறேன். மற்றது தானாக நடந்துவிடுகிறது.

எங்கள் வீட்டுச் சின்னப்பெண், முதல் வகுப்பு, பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்துப் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினாள். பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கால்மணி நேரத்தில் ஒரு எழுத்துகூடச் சொல்லித்தரவில்லை. “பேசாதே”, “நேராக உட்கார்”, “யார் பேசியது?”, “நீ நல்ல பிள்ளை, நீ இல்லை.” கடைசியில் கரடிப் பொம்மையை மூலையில் திருப்பி நிற்கவைத்துவிட்டாள். கரடி என்ன தப்பு செய்தது என்று போய்க் கேட்டேன். “அது கேள்வி கேட்டது” என்றாள். அவளுக்கு இதை யார் பாடமாக நடத்தினார்கள்? ஆனால் பள்ளி என்றால் என்ன என்று கேட்டால் அவள் கற்றது இதைத்தான்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1938-லேயே இதைச் சொல்லிவிட்டார்: படிக்கும் பாடத்தை மட்டும்தான் பிள்ளை கற்கிறது என்று நினைப்பதே பெரிய பிழை, கூடவே ஒட்டிக்கொள்ளும் விருப்பு வெறுப்புகள் பாடத்தைவிட முக்கியம் என்று.

சி. எழுதியது:

ர. சொல்வதை முழுக்க ஒப்பமுடியாது. 1976-இல் பவுல்ஸ், கின்டிஸ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் வந்து, பள்ளியின் ஒழுங்கு தொழிற்சாலையின் ஒழுங்கோடு அச்சாகப் பொருந்துகிறது, இது தற்செயல் இல்லை என்றார்கள். தனி ஆள் ஒளிக்காமல் இருக்கலாம், அமைப்பு ஒளிக்கும். ஆக ‘மறைத்தது யார்’ என்பதுதான் இந்த இயலின் சண்டையே. மொழிபெயர்ப்பில் அதற்குத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

என் பரிந்துரை உள்ளுறைக் கலைத்திட்டம். உள்ளுறை உவமம், அதாவது வெளிப்படச் சொல்லாமல் பாட்டுக்குள் பொதிந்துவைக்கும் உவமை, தெரியாதவர் இங்கே இல்லை. ஆனால் மனச்சாட்சிப்படி பார்த்தால் உள்ளுறையைவிடப் பொருத்தமானது இறைச்சிதான். உள்ளுறை புலவன் திட்டமிட்டு வைப்பது. இறைச்சி தானே பொருட்புறத்ததுவே. பொருளுக்குப் புறத்தே தானாகத் தோன்றுவது. (அந்தத் தொல்காப்பிய நூற்பாவில் பாடவேறுபாடு உண்டு, அதற்குள் இப்போது போகவேண்டாம்.) ஜாக்சன் சொல்வதும் அதுவேதான்.

த. எழுதியது:

இறைச்சிக் கலைத்திட்டம். அச்சில் வந்ததும் எனக்கு ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.

பு. எழுதியது:

சிரிப்புக்கு நடுவே ர. அவர்களுக்குப் பதில். கரத்தல் என்றால் ஒளிப்பவன் இருக்கவேண்டும் என்கிறீர்கள். வினைத்தொகைக்கு நன்னூல் சொல்லும் இலக்கணம் என்ன? ‘காலம் கரந்த பெயரெச்சம்.’ ஊறுகாய் என்கிறோம். அதில் காலத்தைக் கொண்டுபோய் ஒளித்தவர் யார்? ஊறுகாய் போட்டவரா? சொல்லின் அமைப்பிலேயே காலம் கரந்திருக்கிறது, கேட்பவருக்குப் புரியவும் செய்கிறது. அமைப்பில் கரந்திருப்பது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்? ‘கரந்துறை’யில் ‘உறை’யும் வினைத்தொகை என்பதைக் கவனியுங்கள்.

ந. எழுதியது:

ஐயா, ஊறுகாயில் அசந்துபோனேன், உண்மையாகவே. ஆனால் என் மாணவர்கள் ‘கரந்துறை’யைத் துறைமுகம் என்று நினைப்பார்கள்.

‘மறை கலைத்திட்டம்’ என்று வைத்தால் என்ன? மறைந்த, மறைகிற, மறையும் என்று மூன்று காலத்துக்கும் விரியும். ‘மறை’ தன்வினைக்கும் பிறவினைக்கும் பொது என்பதால் மறைத்த, மறைக்கிற என்றும் விரிக்கலாம். சி. கேட்டபடி தீர்ப்பு எழுதாமல் தப்பித்துவிடலாம். ஒரே பயம் மெய்ப்பு பார்ப்பவர். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று நான் எத்தனை முறை சொன்னாலும் அவர் ஒரு ‘க்’ சேர்த்துவிடுவார். ‘மறைக் கலைத்திட்டம்’ ஆகிவிட்டால் அது வேதபாடசாலைக்குப் போய்விடும்.

சி. எழுதியது:

‘க்’ இல்லாவிட்டாலும் போகும். நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப. மறை என்றாலே மந்திரம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

ர. எழுதியது:

நன்னூலை பு. ஐயாவே இழுத்துவிட்டதால் இதைச் சொல்லியே ஆகவேண்டும், நேற்றிலிருந்து மண்டைக்குள் ஓடுகிறது. பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும் நூற்பாவை எடுத்துப் பாருங்கள். வேளை அறிந்து போகவேண்டும், வழிபாட்டில் சலிக்கக் கூடாது, ஆசிரியர் குறிப்பறிந்து நடக்கவேண்டும். அப்புறம் ‘இருவென இருந்து சொல்லெனச் சொல்லி’. உட்கார் என்றால் உட்கார், சொல் என்றால் சொல். ‘சித்திரப் பாவையின் அத்தக வடங்கி’. எழுதிவைத்த பொம்மை மாதிரி அசையாமல் இரு. செவியே வாயாக, நெஞ்சே களனாகக் கேள். முடிந்ததும் ‘போவெனப் போதல்’.

ஜாக்சன் வகுப்பறைகளில் உட்கார்ந்து பார்த்து, ஏட்டில் இல்லாத பாடம் என்று கண்டெடுத்தாரே, அதைப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் வெளிப்படையாக நூற்பாவாகவே எழுதிவைத்துவிட்டார். அங்கே மறைப்பே கிடையாது. மாணவன் எழுத்திலக்கணத்தைத் தொடுமுன்னரே பணிவுக்கான இலக்கணத்தைப் படித்துவிடுகிறான். ஆக இந்தப் பாடம் எல்லாக் காலத்திலும் மறைந்திருந்த ஒன்றல்ல. ‘நாங்கள் அறிவை மட்டும்தான் கொடுக்கிறோம், யாரையும் பணியவைக்கவில்லை’ என்று பள்ளி சொல்லத் தொடங்கிய பிறகுதான் அது மறைந்தது. எங்கள் வீட்டுக் கரடிக்கு ‘சித்திரப் பாவை’ பாடம்தான் நடந்தது, நூற்பா மட்டும் இல்லை.

சொல்லுக்கு இது உதவாது என்று தெரியும். ந. அக்கா மன்னிக்கவும்.

பு. எழுதியது:

அந்த நூற்பா மாணாக்கன் பணிவைச் சொல்வது உண்மை. ஆனால் ஆசிரியனுக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என்று எத்தனை கடமை விதித்திருக்கிறது? பாதியைக் காட்டி முனிவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவேண்டாம்.

ர. எழுதியது:

குற்றம் சொல்லவில்லை ஐயா. ஒளிக்காமல் சொன்னார் என்று பாராட்டுகிறேன்.

சி. எழுதியது:

இரவு தூக்கம் வராமல் ஒன்று தோன்றியது. கல்வியைத் தமிழில் ‘படிப்பு’ என்றும் சொல்கிறோம். படித்தல் ஒரு பக்கம், படிதல் இன்னொரு பக்கம். படிக்கிறவனிடம் தானாகப் படிவதுதானே நாம் தேடுவது? தூசு படிகிறது, பழக்கம் படிகிறது. ‘மேசையில் தூசு படிந்திருக்கிறது’ என்றால் தூசை யார் கொண்டுவந்து வைத்தார் என்று ஒருவரும் கேட்பதில்லை. படிவுக் கலைத்திட்டம். மறைப்பும் வேண்டாம், மந்திரமும் வேண்டாம்.

ந. எழுதியது:

சி., இது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, அதனால்தான் வயிற்றெரிச்சல். அடுத்த இயல் பிரேசில் கல்வியாளர் பவுலோ ஃபிரெயிரே. மாணவர்களை வெற்றுக் கலங்களாக நினைத்து, ஆசிரியர் வங்கியில் பணம் போடுவதுபோல அறிவைப் போட்டுவைக்கிறார் என்று அவர் சாடும் பகுதி. அங்கே ‘வைப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ஐந்தில் படிவு, ஆறில் வைப்பு என்று வந்தால் இரண்டும் ஒன்று என்று குழம்பமாட்டார்களா?

சி. எழுதியது:

வேறுபாடு அதில்தான் துலங்குகிறது. வைப்பு ஒருவர் வைப்பது, படிவு தானாகப் படிவது. ஃபிரெயிரே திட்டுவது வைக்கிற கையை, ஜாக்சன் காட்டுவது கையே இல்லாத இடத்தை. இரண்டு சொல்லும் அடுத்தடுத்து வந்தால் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசலாம்.

த. எழுதியது:

படிவு என்றால் புவியியல் பாடம்தான் நினைவுக்கு வரும். படிவுப் பாறை.

ம. எழுதியது:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனாலும் ஒரு எளிய வழி இருக்கிறது. ‘மறைமுகக் கலைத்திட்டம்’. சப்பென்று இருக்கிறது, தெரியும். ‘மறைமுகம்’ என்றால் நேரடியல்லாதது, ஒளிந்தது அல்ல என்று அடிக்க வருவீர்கள், அதுவும் தெரியும். மறைமுக வரியை நினைத்துப் பாருங்கள். வரி கட்டுகிறோம் என்ற நினைப்பே இல்லாமல் பொருளின் விலையோடு சேர்த்துக் கட்டிவிடுகிறோம். கடைக்காரரும் வரி வசூலிக்கவேண்டும் என்று கடை திறக்கவில்லை, பொருள் விற்கத்தான் திறந்தார். ஆசிரியர் பின்னம் நடத்துகிறார், பிள்ளை பின்னத்தோடு சேர்த்துப் பணிவையும் வாங்கிக்கொண்டு போகிறது. தவிர ‘க்’ மிகுந்தாலும் ஆபத்தில்லை.

ர. எழுதியது:

வரி உவமைக்காகவே என் வாக்கு இதற்கு. கரடியும் வரி கட்டியிருக்கிறது.

த. எழுதியது:

எனக்கும் சரி. தேடினால் கிடைக்கும், வாசித்தால் புரியும்.

சி. எழுதியது:

படிவு தோற்றதில் வருத்தம்தான். மறைமுகம் தப்பில்லை, அவ்வளவுதான் சொல்வேன்.

ந. எழுதியது:

வெள்ளி மாலை. இயலை அனுப்பிவிட்டேன். ‘மறைமுகக் கலைத்திட்டம்’ என்றே எல்லா இடத்திலும் போட்டிருக்கிறேன். ஃபிரெயிரே இயலில் மட்டும் ‘இது வைப்பு அல்ல, படிவு’ என்று ஒரு வாக்கியம் அடிக்குறிப்பில் நுழைத்துவிட்டேன் சி., பதிப்பாசிரியர் கண்ணில் படாமல் இருக்கவேண்டும். நன்னூல் நூற்பாவை இயல் முடிவில் மாணவர் விவாதத்துக்கான கேள்வியாக வைத்திருக்கிறேன். மூலத்தில் இல்லாததுதான், ஆனால் மனசு கேட்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

பு. எழுதியது:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஒப்பவில்லை. ‘முகம்’ வடசொல். ‘கரந்துறை’ என் பெயரில் மாற்றுக்கருத்தாகப் பதிவில் இருக்கட்டும்.

ந. எழுதியது:

பதிந்தாயிற்று ஐயா. இன்னொன்று கேட்கலாமா? ஏழாம் இயலில் அமெரிக்கக் கல்வியாளர் எலியட் ஐஸ்னர் வருகிறார். பள்ளி எதைக் கற்பிக்காமல் விடுகிறதோ அந்த விடுதலும் ஒரு கலைத்திட்டம்தான் என்று 1979-இல் எழுதினார். ‘நல் கரிக்குலம்’ (null curriculum) என்கிறார். ‘இன்மைக் கலைத்திட்டம்’ என்று குறித்துவைத்திருக்கிறேன்.

பு. எழுதியது:

இன்மையா, அன்மையா, மறுதலையா? இம்மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். நாளைக் காலை விரிவாக எழுதுகிறேன்.